ஆவுடையப்பனோடு இணைப்பில் இருப்பவர்

மனிதகுலம் தோன்றிய நாள் முதல் அதன் காலடியிலேயே நடந்துவந்த மரணம் என்னும் பேரிருளை, விஞ்ஞானம் ஒரு வைகாசி வளர்பிறையில், தமிழ் மண்ணில், என்றென்றைக்குமாக வென்றது. வென்ற இடம் கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், ஒரு டயர்க் கிடங்குக்குப் பின்புறம். பெயர்ப்பலகையில் 'அமரநிலையம்' என்று ஒளிரும் எழுத்துகளில் போட்டிருந்தார்கள். முதல் எழுத்துக்குள் இருந்த விளக்கு திறப்பு விழாவுக்கு மறுவாரமே அணைந்துவிட்டது. இருட்டும் நேரத்தில் லாரிக்காரர்கள் யாராவது உள்ளே வந்து தேக்கு என்ன விலை என்று கேட்பார்கள்.

உள்ளே இருந்தவர்கள் இறந்தவர்கள். இன்னும் சரியாகச் சொன்னால், இறப்பதற்கு முன்பு எடுத்துவைத்த பிரதிகள். நினைவு, குணம், பேச்சு, பிடிவாதம் எல்லாம் அப்படியே வரும். ஒவ்வொருவரும் கணினி வட்டில் ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு யோசித்தார்கள், பேசினார்கள். குடும்பத்தார் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு செயலியைத் திறந்து அவர்களோடு இணையலாம். இணைத்துவைப்பது மெய்நிகர் அடாப்டர். கையால் தொட முடியாத, ஆனால் இருப்பதாகக் கணினி நம்பிக்கொள்கிற ஒரு பிளக் பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் இறந்தவர், மறுபக்கத்தில் உறவு.

முதல் ஆண்டில் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டார்கள். விளைவு, இறந்தவர்கள் உயிலை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தென்னந்தோப்பை மூத்தவனிடமிருந்து பிடுங்கி இளையவனுக்குக் கொடுத்தார். இளையவன் அன்று வரவில்லை என்றதும் மறுபடி மூத்தவனுக்கே கொடுத்தார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. இறந்தவர்கள் பேசலாம், உறவினர்கள் கேட்கலாம், பதில் மட்டும் பேசக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. வருத்தமான தீர்ப்பு என்று எல்லாக் குடும்பங்களும் சொல்லிக்கொண்டன. ஒரு குடும்பமும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே இறந்தவர்களோடு பேச அனுமதி உள்ள ஒரே இனம், பராமரிப்பு ஊழியர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் 'நலம் சரிபார்ப்பு' செய்ய வேண்டும். அமலோற்பவிக்கு மூன்றாம் வரிசை ஒதுக்கப்பட்டிருந்தது. வடக்கன்குளத்துப் பெண், சேமிப்பகப் பொறியாளர், படூரில் ஒரு மகளிர் விடுதியில் தனி அறை. வாரத்தில் அவள் நீளமாகப் பேசிய பேச்சுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இறந்தவர்களோடுதான். உயிரோடு இருப்பவர்களிடம் அவள் பேசியது சில்லறை இல்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை, குழம்பு வேண்டாம், இவ்வளவுதான்.

மூன்றாம் வரிசையில் ஆவுடையப்பன் இருந்தார். பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வுபெற்றவர், அம்பாசமுத்திரம். மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகள் சங்கரவடிவு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில். அப்பாவுக்கு இந்த இடத்தைப் பதிவு செய்தவளும் அவள்தான். ஆவுடையப்பன் தினமும் காலையில் மகளுக்கு உரை நிகழ்த்துவார். உரை என்பதுதான் சரியான சொல். தான் கட்டிய ஒரு அணைக்கட்டின் மதகில் ஆரம்பித்து, அதைத் திறந்துவைக்க வந்த அமைச்சர் தன் தோளில் கைபோட்டதில் கொஞ்ச நேரம் நின்று, தனக்கு வர வேண்டிய தலைமைப் பொறியாளர் பதவி யாருக்குப் போனது என்பதில் முடிப்பார். குரல் மட்டும் கேட்க நன்றாக இருக்கும். அது அவருடைய குரல் இல்லை. சொந்தக் குரல் வேண்டுமென்றால் குடும்பம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலோர் செய்யவில்லை. அந்த ஆண்களெல்லாம் நிறுவனம் தந்த ஒரே கம்பீரக் குரலில்தான் பேசினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நலம் சரிபார்ப்பின்போது அவர் மதகை விட்டுவிட்டு நேராகக் கேட்டார்.

"எம்மா, நான் பேசுதத யாராச்சும் கேக்காங்களா?"

பச்சை விளக்கு எரிகிறது சார் என்றாள் அவள். அந்தப் பச்சை விளக்கு அவர் இருக்கும் வட்டுக்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு. யாராவது கேட்கிறார்கள் என்பதற்கு அல்ல. முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவரிடம் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை.

"கேக்காத கூட்டத்துல பேசுதது எனக்கு சர்வீஸ்ல பழக்கம்தான் கேட்டியா. ஆனா அங்க காலி நாற்காலியாவது கண்ணுக்குத் தெரியும். இங்க அதுகூட இல்ல."

பிறகு தன் முடிவைச் சொன்னார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வசதி இருந்தது. கேட்க ஆளில்லை என்று உணரும் இறந்தவர், தன்னை நிறுத்தச் சொல்லலாம். நிறுவனம் அதற்கு 'மகாதுயில்' என்று பெயர் வைத்திருந்தது. வடிவு கேட்கிறாள் என்றால் தான் இருக்கத் தயார், யாரும் கேட்கவில்லை என்றால் நிறுத்திவிடு, ஆனால் ஊகத்தில் நிறுத்தாதே, பார்த்துச் சொல் என்றார். அமலோற்பவி சரியென்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்த பிறகுதான், பார்ப்பதற்கு வழியே இல்லை என்பது தெரிந்தது.

எந்த அடாப்டர் எந்தச் செயலியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை எதுவும் கையேட்டில் இல்லை. கையேட்டில் இல்லாத ஒன்று இருந்தது. மென்பொருளை எழுதிய வெளிநாட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வது. அதை வாடிக்கையாளர் தட்டினால் எந்த உத்தரவாதமும் கிடையாது. அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் ஆர்வக்கோளாறில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஒன்றாம் வரிசை முழுவதும் பேச்சு நின்றுபோனது. மறுநாள் பேச்சு திரும்பி வந்தபோது அத்தனை பேரும் வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தார்கள். அவர் இப்போது வேறு துறையில் இருக்கிறார். காளான் வளர்க்கிறார் என்று கேள்வி.

ஆகவே அவள் முறைப்படி விண்ணப்பம் போட்டாள். வெளிநாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. 'மெய்நிகர் சேமிப்பு அடாப்டரின் இணைப்புகளைப் பார்க்க, உங்கள் ஆதரவும் உத்தரவாதமும் உள்ள ஒரு கட்டளை தேவை' என்று எழுதினாள். காரணம் கேட்ட கட்டத்தில், 'ஒரு பெரியவர் கேட்கிறார்' என்று எழுதி, அழித்துவிட்டு, 'செயல்பாட்டுத் தெளிவுக்காக' என்று போட்டாள்.

உங்கள் யோசனைக்கு நன்றி, பிற வாடிக்கையாளர்களும் இதற்கு வாக்களித்தால் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அவள் தன் வாக்கைப் போட்டாள். அந்த மாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கே இருந்தது.

உள்ளூரில் ஆதரவு தேடி நிர்வாகத் தலைவர் பத்ரிநாராயணனிடம் போனாள். அவர் அறையில் 'உறவு என்பது ஒளி' என்று சுவரை அடைத்து எழுதியிருக்கும். அவர் அவளை உட்காரச் சொல்லி, கிரீன் டீ வரவழைத்து, உறவின் நித்தியத்தைப் பற்றிச் சற்று நேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார்.

"எல்லாருக்கும் யாரோ கேக்கறாங்கன்னு ஒரு நம்பிக்கை. நீங்க பாட்டுக்கு லிஸ்ட் எடுத்து வச்சீங்கன்னா என்னம்மா ஆகும்? தெரியாம இருக்கறதுதான் நம்ம ப்ராடக்டே."

ஒவ்வொரு செவ்வாயும் ஆவுடையப்பன் கேட்டார். ஃபைல் எங்கே நிற்கிறது? யார் மேஜையில்? அவள் சொல்லச் சொல்ல அவருக்கு உற்சாகம் வந்தது. மதகைப் பற்றிய பேச்சு குறைந்தது. இறந்த பிறகு முதல்முறையாக அவர் கையில் ஒரு கோப்பு கிடைத்திருந்தது. அவள் எழுதியதை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"செயல்பாட்டுத் தெளிவாம்லா. எந்த மடையன் கையெழுத்துப் போடுவான்? எம்மா, ஒரு கோப்பு நகரணும்னா அதுல மேல இருக்கவனுக்கு ஒரு ஆதாயம் இருக்கணும். உனக்கு வேணுங்கதை எழுதாத. அவனுக்கு வேணுங்கதை எழுது."

அந்தக் கோடையில் மின்கட்டணம் ஏறியிருந்தது. குளிரூட்டியைக் குறைத்துவைத்து, பத்ரிநாராயணனே கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்த காலம். ஆவுடையப்பன் சொல்லச் சொல்ல அமலோற்பவி எழுதினாள்: 'பயன்படுத்தப்படாத இணைப்புகளை அடையாளம் கண்டு மின்சாரத்தைச் சேமிக்க, மேற்படி கட்டளை இன்றியமையாதது.' வாசகத்தை இருமுறை திருத்தியதும் அவர்தான். 'இன்றியமையாதது' அவருடைய சொல்.

அன்று மாலையே பத்ரிநாராயணன் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தன் பெயரில் கடிதம் எழுதினார். இதே கட்டண உயர்வில் வெந்துகொண்டிருந்த வேறு பல நிறுவனங்களும் வாக்களித்தன. அடுத்த பதிப்பிலேயே கட்டளை வந்தது. ஆதரவு உள்ளது, உத்தரவாதம் உள்ளது. அதோடு பத்ரிநாராயணனின் சுற்றறிக்கையும் வந்தது. இணைப்பில் ஒருவரும் இல்லாதவர்களுக்கு, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நிறுவனமே மாதக் கடைசியில் மகாதுயில் வழங்கும். 'கருணை' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது.

அமலோற்பவி சுற்றறிக்கையை இருமுறை படித்தாள். பிறகு மூன்றாம் வரிசைக்கு அந்தக் கட்டளையை அடித்தாள்.

வரிசையில் பாதிக்கு மேல் யாரும் இணைப்பில் இல்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆவுடையப்பனுக்கு நேராகவும் ஒன்றும் இல்லை. எதிர்பாராதது வேறொன்று. சங்கரவடிவின் செயலி இணைப்பில் இருந்தது, அன்றைக்கும் பெர்த்திலிருந்து திறந்தே இருந்தது. ஆனால் அது இணைந்திருந்தது ஆவுடையப்பனோடு அல்ல. வரிசையின் மறுகோடியில் இருந்த மாசிலாமணியோடு.

மாசிலாமணி அரக்கோணத்துக்காரர், பேருந்து நடத்துனராக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெறும் நாளில் கைக்கடிகாரத்துக்குப் பதிலாக இந்த இடத்தை அவருக்குச் சங்கம் பரிசளித்தது. கேட்க யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே வந்தவர் என்பதால் யாராயிருந்தாலும் பரவாயில்லை என்ற பாவனையில் பேசுவார். கண்ணு, இன்னைக்கு சாப்ட்டியா என்று ஆரம்பித்து, டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்தவர்களின் கதைகளைச் சொல்வார்.

அவள் மூன்றாம் வரிசை முழுவதையும் சரிபார்த்தாள். முதலில் இருப்பவரின் குடும்பம் கடைசியில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாமவரின் குடும்பம் கடைசிக்கு முந்தியவரை. எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறியிருந்தது. காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மூன்று வருஷம் முன்பு, அவள் சேருவதற்கும் ஆவுடையப்பன் வருவதற்கும் முன், வியாபாரம் மந்தமாக இருக்கிறதென்று வாஸ்து நிபுணர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள். இறந்தவர்கள் தெற்கு பார்த்து இருப்பதுதான் தோஷம் என்று அவர் கண்டுபிடித்தார். மூன்றாம் வரிசையின் அடுக்குகளை அப்படியே வடக்கு நோக்கித் திருப்பி நிறுத்தினார்கள். கேபிள்களை மறுபடி மாட்டியவர்கள் பழைய வழக்கப்படி இடதுகைப் பக்கமிருந்து எண்ணிக்கொண்டு மாட்டினார்கள். பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. பூசணிக்காய் உடைத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து மூன்றாம் வரிசையில் கேட்பவர்கள் எல்லோரும் வேறு யாருடைய அப்பாவையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு புகார்கூட வரவில்லை. ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது.

பத்ரிநாராயணனிடம் சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. பாராட்டுக் கடிதத்தைப் படித்ததும் தெளிந்தது. குடும்பம் கேட்டுக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள், நாமாகப் போய் எதையும் கிளற வேண்டாம் என்றார். ஆவுடையப்பன் விஷயத்தில் மட்டும், அவள் ரொம்பவும் கெஞ்சியதால், மகளிடம் ஒருமுறை பேசிப் பார்க்க அனுமதி கொடுத்தார்.

சங்கரவடிவு சமையலறையில் இருந்தாள் போலிருக்கிறது. ஏதோ வதங்கும் சத்தம் கேட்டது. அமலோற்பவி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தவறு எங்களுடையது, ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம், நீங்கள் ஒப்புதல் மட்டும் தர வேண்டும் என்றாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ தினமும் என்னைச் சாப்ட்டியான்னு கேக்கறது எங்கப்பா இல்லையா?"

"இல்லைங்க மேடம்."

"யாரு?"

"ஒரு கண்டக்டர். ரிட்டையர்ட். பேரு மாசிலாமணி."

 சங்கரவடிவு சொன்னாள், கோபமில்லாமல், வேறு யாருக்கோ விளக்கிச் சொல்வதுபோல. அப்பா உயிரோடு இருந்தவரை கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லையாம். முதல் நாள் கேட்டபோது அழுதுவிட்டாளாம். செத்த பிறகாவது மனுஷன் மாறினாரே என்று நினைத்துக்கொண்டாளாம். பஸ் கதையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கணவர் கேட்டதற்கு, சின்ன வயதில் பஸ்ஸில்தான் போவார் என்று இவளே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள்.

"அவரு... எங்கப்பா, அங்க எப்படி இருக்காரு?"

"பேசிக்கிட்டே இருக்காங்க. உங்ககிட்டதான்."

"மதகு பத்தியா?"

"ஆமா."

"மாறலை, இல்ல?"

அமலோற்பவி பொய் சொல்ல நினைத்து, தாமதித்துவிட்டாள். அந்தத் தாமதமே பதிலாகிப்போனது.

"நீங்க எதையும் மாத்த வேண்டாம்," என்றாள் சங்கரவடிவு. "தப்பா நெனைக்காதீங்க. இந்த அப்பா இருக்கட்டும்."

பத்து மணிக்கு மேல் அழைக்க வேண்டாம், பிள்ளை தூங்கும் என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மாதக் கடைசி நெருங்கியது. மகாதுயில் விழாவுக்கு நாதஸ்வரம் ஏற்பாடாகியிருந்தது, ஒலிநாடாதான். பட்டியலில் ஆவுடையப்பன் இருந்தார். ஆளுக்கு ஒன்று வீதம் ஊழியர்களுக்குச் சோதனை இணைப்பு உண்டு. எந்த அடாப்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், காரணம் எழுத வேண்டியதில்லை. அமலோற்பவி தன் ஃபோனில் செயலியை இறக்கி, தன்னுடையதை ஆவுடையப்பனின் அடாப்டரில் போட்டாள். கட்டளையை மறுபடி அடித்தாள். அவர் பெயருக்கு நேராக 1 என்று வந்தது. பட்டியலில் இருந்த மற்றவர்களின் பெயர்களையும் ஒருமுறை படித்தாள். அவளிடம் இருந்தது ஒரு இணைப்பு.

செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் மதகைத் தொடவே இல்லை.

"கட்டளை வந்துட்டாம்லா. பாத்தியா?"

"பாத்தேன் சார். ஒரு இணைப்பு இருக்கு."

அந்தக் கம்பீரக் குரலுக்குத் தொண்டையைச் செருமத் தெரியாது.  ஆகவே நேராகக் கேட்டார்.

"வடிவா?"

"பேரு காட்டாது சார். எண்ணிக்கை மட்டுந்தான் வரும்." இது பொய். பெயர், ஊர், நேரம் எல்லாம் காட்டும். "பேரு வேணும்னா அதுக்குத் தனியா ஒரு விண்ணப்பம் போடணும். போடட்டா?"

எந்தக் கோப்பையும் பாதியில் விடாத அதிகாரி என்று தன்னைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். 

"வேண்டாம்மா," என்றார். "போடாத. ஒண்ணு இருக்குல்லா, போதும்."

நலம் சரிபார்ப்பு முடிந்தது என்று அவள் பதிவு செய்தாள். மகாதுயில் விழா வெள்ளிக்கிழமை நடந்தது. பத்ரிநாராயணன் கண் கலங்கப் பேசினார். மூன்றாம் வரிசையில் பாதிக்கு மேல் விளக்குகள் அணைந்தன, குளிரூட்டி பழைய நிலைக்கு வந்தது. மறுகோடியில் மாசிலாமணி யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் மறுநாள் காலையிலிருந்து மறுபடி உரையைத் தொடங்கினார். முன்பைவிட நிதானமாக, எதிரே ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதற்கான மரியாதையோடு, கடினமான இடங்களில் நிறுத்தி விளக்கம் கொடுத்து. தலைமைப் பொறியாளர் பதவிக்கு இப்போது ஒரு முன்னுரையும் சேர்ந்திருந்தது. அமலோற்பவி முதல் இரண்டு நாள் முழுதாகக் கேட்டாள். மூன்றாம் நாள் மதகின் அகலம் வந்தபோது ஒலியை அணைத்தாள். இணைப்பு அறுந்துவிடக் கூடாதென்று ஃபோனைத் தினமும் சார்ஜரிலேயே போட்டுவைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒலியைத் திறக்கவே இல்லை.